ஆற்றின் கணக்கைப் பார்த்த பிறகே ஆலைக்கு அனுமதி

சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகும் நெடுஞ்சாலையில், திருவள்ளூரைத் தாண்டித் திருத்தணியை நெருங்கும் வழியில் இருக்கிறது கனகம்மாசத்திரம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துத் திருத்தணி மலை ஏறுகிறவர்களுக்கும், புரட்டாசியில் ஏழுமலையானைப் பார்க்க நடந்தே போகிறவர்களுக்கும் பழக்கமான ஊர். சுற்றிலும் நெல்லும் கரும்பும் வேர்க்கடலையும் விளைகிற கழனிகள். அதே சாலையில் கம்பெனி பஸ்களும் ஓடுகின்றன. காக்களூர், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டத்துத் தொழிற்பேட்டைகள் இந்த வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து ஒரு தலைமுறையையே வேலைக்கு அழைத்துப் போயிருக்கின்றன.

அந்த பஸ்ஸைக் குறை சொல்லித் தொடங்கும் சுற்றுச்சூழல் பேச்சு எதுவும் இங்கே எடுபடாது. எடுபடவும் கூடாது. இந்தியாவிலேயே அதிக எண்ணிக்கையில் தொழிற்சாலைகள் உள்ள மாநிலம் தமிழ்நாடு. நாடு முழுவதும் ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கு அனுப்பும் சம்பளம் கடனை அடைத்திருக்கிறது, தம்பி தங்கைகளைப் படிக்கவைத்திருக்கிறது, அவசரக் கல்யாணங்களைத் தள்ளிப்போட்டிருக்கிறது. மழையை நம்பிய கால் காணி நிலத்தால் இதைச் செய்திருக்க முடியாது.

ஆனால் அந்த ஆலைகளுக்கும் அவற்றைச் சுற்றி வளரும் நகரத்துக்கும் தண்ணீர் ஓர் ஆற்றிலிருந்துதான் வரவேண்டியிருக்கிறது. அந்த ஆற்றுக்கு ஓர் எல்லை உண்டு. பூமியின் எல்லை என்று உலக மாநாடுகளில் பேசப்படுவதை இந்த வட்டாரத்திலேயே பார்க்கலாம். கொசஸ்தலை ஆற்றின் வழியில் பூண்டிக்கும் எண்ணூருக்கும் போனால் போதும்.

கொசஸ்தலை ஆற்றின் ஊற்றுக்கண் ஓரிடத்தில் இல்லை. பாலாற்று அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம் ஏரிக்கு வரும் நீரின் உபரி ஒரு வழியாக வருகிறது. கேசாவரம் அணைக்கட்டில் கூவம் ஒருபுறமும் கொசஸ்தலை ஒருபுறமும் பிரிகின்றன. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்து மலைகளில் பெய்யும் மழை இன்னொரு வழியாக வருகிறது. அங்கே கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் இங்கே பள்ளிப்பட்டில் தரைப்பாலம் முழுகும். நகரி ஆறும் பூண்டிக்கு மேலேயே வந்து சேர்ந்துகொள்கிறது. எல்லாம் சேர்ந்து பூண்டி ஏரியை நிரப்பி, மிச்சம் எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது.

திருத்தணியை ஆந்திரத்திலிருந்து மீட்க ம.பொ.சி. நடத்திய போராட்டமும் மாநில எல்லையை வகுத்த படாஸ்கர் தீர்ப்பும் இந்த வட்டாரத்துக்காரர்களுக்குத் தெரிந்த கதைதான். 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி தமிழ்நாட்டோடு இருக்கிறது. மொழிவழியாகப் போட்ட கோடு நியாயமான கோடு. ஆனால் ஆறு அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. 2022 ஆகஸ்டில், கார்வேட்டிநகரம் பகுதியில் கொசஸ்தலையின் குறுக்கே இரண்டு அணைகள் கட்ட ஆந்திர அரசு திட்டமிட்டபோது, அதைக் கைவிடும்படி தமிழ்நாட்டு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஆந்திர முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். சென்னையின் குடிநீரே பாதிக்கப்படும் என்பது அவர் சொன்ன காரணம். காரணம் சரிதான். ஆந்திரத்துக்கு அவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிற நாம், எல்லைக்கு இந்தப் பக்கம் இதே ஆற்றுக்கு என்ன செய்தோம் என்பதையும் பார்க்கவேண்டும்.

பூண்டி நீர்த்தேக்கம் கட்டி முடிந்தது 1944-ல். அதற்காகப் பாடுபட்ட மேயர் சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கியிருக்கிறது. கொள்ளளவு சுமார் 3.2 டி.எம்.சி. வளர்ந்த சென்னைக்கு அது போதவில்லை. 1960-களின் கடைசியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆரணி ஆறு, கொசஸ்தலைப் படுகைகளில் நிலத்தடி நீரைத் தேடினார்கள். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் கிணற்றுத் தொகுதிகள் அமைந்தன. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் எழுந்த காலம் அது. நகரத்துக்கும் ஆலைகளுக்கும் மண்ணுக்கடியிலிருந்து இரவும் பகலும் இறைத்தார்கள். உழவர்களும் தங்கள் பங்குக்கு இறைத்தார்கள். நன்னீர் இறங்கிய இடத்துக்குக் கடல் வந்தது. 1960-களின் முடிவில் கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருந்த உப்புநீர், அடுத்த இருபது ஆண்டுகளில் மீஞ்சூரைக் கடந்து உள்நோக்கி நகர்ந்துவிட்டது. கிணறுகள் கரித்தன. 2010-ல், அதே மீஞ்சூருக்கு அருகே காட்டுப்பள்ளியில், கடல்நீரைக் குடிநீராக்கும் சென்னையின் முதல் பெரிய நிலையம் திறக்கப்பட்டது. அதன் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். மழை இலவசமாக நிரப்பித் தந்துகொண்டிருந்த நன்னீர்க் கிடங்கைக் கெடுத்த பிறகு, கடலைக் காய்ச்சாத குறையாக, மின்சாரம் செலவழித்து உப்பைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். அந்த மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது. நிலக்கரியின் சாம்பல் எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் இந்த ஆற்றின் கடைக்கோடியில் பார்க்கலாம்.

எண்ணூரில் 1994-ல் வடசென்னை அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. சாம்பலைத் தண்ணீரோடு கலந்து கொண்டுபோகும் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் ஒழுகி, கொசஸ்தலையின் கழிமுகம் மேடு தட்டியது. இறால் பிடித்தும் மீன் பிடித்தும் பிழைத்த காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் போன்ற ஊர்க்காரர்கள் சாம்பல் சேற்றில் கால் வைத்து நின்று போராடினார்கள். 2022-ல் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு மின்வாரியத்தைப் பொறுப்பாக்கி, ஆற்றைச் சீரமைக்கச் சொன்னது. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் வந்து படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் ஒட்டியது. அந்த மாதமே 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள்.

இத்தனையும் ஒரே கழிமுகத்தில் நடந்தன. ஒவ்வோர் ஆலைக்கும் தனித்தனியாகத்தான் அனுமதி கொடுக்கப்படுகிறது. ஒவ்வொன்றின் அறிக்கையிலும் பாதிப்பு வரம்புக்குள் இருக்கும் என்றுதான் எழுதியிருப்பார்கள். எல்லா வரம்புகளையும் கூட்டினால் அந்த ஆறு தாங்குமா என்று கூட்டிப் பார்க்கும் வேலை மட்டும் ஒருவரிடமும் ஒப்படைக்கப்படவில்லை.

எண்ணூர் கடைசி ஊர், நமக்கென்ன என்று கனகம்மாசத்திரம் பக்கத்தில் யாரும் நினைக்க வேண்டாம். ஆற்றின் தலைமாட்டிலும் ஒரு பாடம் இருக்கிறது. காவேரிப்பாக்கத்துக்குத் தண்ணீர் தரும் பாலாற்றின் கரையில்தான் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் ஆலைகள் இருக்கின்றன. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் வேண்டும். அது குரோமியமும் உப்பும் கலந்து வெளியே வரும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழாகிவிட்டது என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்பதும், கெடும் என்ற ஐயம் இருந்தாலே முன்கூட்டித் தடுக்க வேண்டும் என்பதும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் பாலாற்றங்கரை உழவரின் வழக்கைப் படிக்காமல் தேர்வு எழுத முடியாது.

அந்த உழவருக்கு என்ன கிடைத்தது? இழப்பீட்டு ஆணையம் 2001-ல் 29,193 பேரைப் பாதிக்கப்பட்டவர்களாகக் கணக்கிட்டது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒருமுறை, பாக்கி இழப்பீட்டைக் கொடுங்கள், பாலாற்றை மீட்கக் குழு அமையுங்கள் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. வழக்குப் போட்டு 34 ஆண்டுகள். வழக்கு தொடங்கியபோது கழனியில் நின்ற பலர் இன்று உயிரோடு இல்லை. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் வளாகத்தில் சுமார் இரண்டு லட்சம் டன் குரோமியக் கழிவு குவிந்து, மழைக்கு மழை மண்ணில் இறங்கியது. 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தோல் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உள்பட 10 பேர் இறந்தார்கள். சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசுகிறவர்கள் தொழிலாளிக்கு எதிரி என்று சொல்வோருக்கு இந்தப் பத்துப் பேரை நினைவூட்ட வேண்டும். ஆற்றை மதிக்காத ஆலை தன் ஆளையும் மதிப்பதில்லை.

திருப்பூர் வேறு விதமான பாடம். நொய்யலில் சாயக்கழிவு ஓடி, 1992-ல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்க் குட்டையானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஊரே முடங்கியது, வேலை போனவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். பிறகு ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறையைக் கட்டாயத்தின் பேரில் ஏற்றுக்கொண்டு பட்டறைகள் மீண்டும் ஓடின. திருப்பூர் அழிந்துவிடவில்லை, பனியன் ஏற்றுமதி தொடர்கிறது. நல்ல செய்திதான். ஆனால் சுத்திகரிப்பு நிலையத்தை முதலிலேயே கட்டியிருந்தால், நொய்யலும் தப்பியிருக்கும், அந்த மாதங்களில் சோற்றுக்கு அலைந்த தொழிலாளியும் தப்பியிருப்பார். கட்டுப்பாடு பிந்தி வந்தால் அதன் முழு விலையையும் ஏழைதான் கட்டுகிறார். ஆலை முதலாளிக்கு வேறு ஊர் உண்டு.

இயற்கையின் எல்லைக்குள் தொழில் நடக்க வேண்டும் என்ற சிந்தனை மேற்கிலிருந்து வந்த இறக்குமதி என்று சிலர் சொல்கிறார்கள். தஞ்சாவூரில் 1892-ல் பிறந்த ஜே.சி. குமரப்பா, அமெரிக்காவில் பொருளாதாரம் படித்துவிட்டுக் காந்தியோடு சேர்ந்தவர், சிறையில் இருந்தபடி நிலைத்த பொருளாதாரம் பற்றி ஒரு நூல் எழுதினார். அது 1945-ல் வெளிவந்தது. எடுக்க எடுக்கக் குறையும் இருப்பை நம்பிய பொருளாதாரம் ஒன்று, ஆண்டுதோறும் இயற்கை திருப்பித் தரும் வரத்தை நம்பிய பொருளாதாரம் இன்னொன்று என்று அவர் பிரித்துக் காட்டினார். முதலாவது சண்டையில் முடியும் என்றார். வளர்ச்சியின் வரம்புகள் பற்றிய புகழ்பெற்ற அறிக்கை 1972-ல் மேற்கில் வெளியாவதற்கு இருபத்தேழு ஆண்டுகள் முந்தைய பேச்சு அது. மீஞ்சூரில் நாம் செய்தது, வரத்தை விட்டுவிட்டு இருப்பில் கை வைத்தது.

உலகக் கணக்கும் இன்று அதையே காட்டுகிறது. பூமி தாங்கும் எல்லைகள் ஒன்பது என்று 2009-ல் யோஹன் ராக்ஸ்ட்ரோம் முதலான விஞ்ஞானிகள் வகுத்தார்கள். அவற்றில் ஆறை மனிதர்கள் தாண்டிவிட்டதாக 2023-ல் வெளியான ஆய்வு சொன்னது. நன்னீர் அந்த ஆறில் ஒன்று. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. இதில் நம் பங்கு சிறியது. ஓர் இந்தியர் ஆண்டுக்குச் சராசரியாக வெளியிடுவது சுமார் 2 டன். ஓர் அமெரிக்கர் அதைப்போல் ஏழு மடங்கு. ஆகவே காற்றுக் கணக்கில் பணக்கார நாடுகள் முதலில் குறைக்கட்டும் என்று இந்தியா கேட்பது நியாயம். அந்த நியாயம் கொசஸ்தலைக்குப் பொருந்தாது. இங்கே கழிவை விடுகிறவரும் நாம், குடிக்கிறவரும் நாம்.

2019 கோடையை யாரும் மறந்திருக்க முடியாது. பூண்டி உள்பட ஏரிகள் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் சென்னைக்கு வந்தது. பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னன. திருவள்ளூர் மாவட்டத்து உழவர்கள் பயிருக்கு வைத்திருந்த கிணற்று நீரைக் குடிநீர் வாரியம் வாங்கியது. தனியார் லாரிகளும் வாங்கின. நெல் நட்டால் வருவதைவிடத் தண்ணீர் விற்றால் கூட வரும் என்றால் உழவர் என்ன செய்வார்? அவர்மேல் பழி இல்லை. ஆனால் விற்றவர் கிணற்றோடு பக்கத்துக் கிணறும் இறங்கியது. அந்தப் பக்கத்துக் காணிக்காரருக்கு யாரும் காசு கொடுக்கவில்லை.

பூண்டிக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார். பிறகு சாந்தி பப்பு குழுவினர் செய்த அகழாய்வில், 15 லட்சம் ஆண்டு பழைமையான கைக்கோடரிகள் கிடைத்தன. அப்போதே இந்த ஆற்றுப்படுகையில் மனிதர் கருவி செய்திருக்கிறார்கள். அத்தனை காலம் தாங்கிய படுகையின் நிலத்தடியில் உப்பு ஏற இருபதே ஆண்டுகள் போதுமாக இருந்தன.

வழியே இல்லை என்பதற்கில்லை. அந்த வழியைச் சென்னையே காட்டியிருக்கிறது. 1990-களின் தொடக்கத்திலேயே, வறட்சி கொடுத்த பயத்தில், மணலி சுத்திகரிப்பு ஆலை நகரத்துச் சாக்கடை நீரை வாங்கிச் சுத்தம் செய்து பயன்படுத்தத் தொடங்கியது. 2019-ல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரிக்கும் நிலையங்கள் வந்தன. கொடுங்கையூர் நீர் மணலி ஆலைகளுக்கும், கோயம்பேட்டு நீர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்பேட்டைகளுக்கும் போகிறது. மாநகரத்தின் சாக்கடையோடு ஒப்பிட்டால் இது சிறு பகுதி. ஆனாலும் ஏரித் தண்ணீர் இல்லாமலே பெரிய ஆலை ஓடும் என்பது நிரூபணம் ஆகிவிட்டது. இனிமேல் புதிய தொழிற்பேட்டைக்கு நன்னீர் ஒதுக்குவது அவசியத்தால் நடப்பதல்ல, அது ஒரு சலுகை. குடிநீருக்கு லாரியை எதிர்பார்த்து நிற்கும் மாவட்டத்தில் அந்தச் சலுகை அநியாயம்.

சித்தூரிலிருந்து தச்சூருக்குப் பள்ளிப்பட்டு, ஊத்துக்கோட்டை வழியாக ஆறுவழிச் சாலை அமைகிறது. முப்போகம் விளையும் நிலம் போகிறது என்று ஊத்துக்கோட்டை உழவர்கள் எதிர்த்த சாலை அது. சாலை வந்தால் கிடங்கு வரும், ஆலை வரும், மனை பிரிப்பார்கள். திருத்தணி வட்டாரம் இன்றைக்கு இருக்கிற நிலையில்தான் ஒரு காலத்தில் ராணிப்பேட்டை இருந்தது. எனவே இப்போதே சில வேலைகளை அரசு செய்தாக வேண்டும். கொசஸ்தலைப் படுகைக்கு ஆண்டுதோறும் வரத்து எவ்வளவு, சென்னைக்கு எவ்வளவு, கழனிக்கு எவ்வளவு, ஆறு ஆறாக இருக்க எவ்வளவு என்ற கணக்கை நீர்வளத் துறை வெளியிட வேண்டும். அதில் மிச்சம் இருந்தால்தான் சிப்காட் புதிய அறிவிப்புச் செய்யலாம். சித்தூர் மாவட்டத்தையும் சேர்த்து இரு மாநிலத்துக்கும் பொதுவான ஆற்றுக்குழு வேண்டும். கடிதம் எழுதுவதால் ஆறு ஓடாது. அபாய வகை ஆலை எதுவாக இருந்தாலும், அதைத் திறக்கும் முன்பே, கெட்டால் சீர்செய்வதற்கான வைப்புத்தொகையைக் கட்ட வேண்டும். 34 ஆண்டு காத்திருந்து இழப்பீடு வாங்கும் நிலைமை பாலாற்றோடு முடியட்டும்.

ஊர்மக்களும் ஒன்று செய்யலாம். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெரிய திட்டங்களுக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தை 30 நாளுக்கு முன்பே நாளிதழில் விளம்பரம் செய்ய வேண்டும். திட்ட அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். கூட்டத்தின் முடிவில், பேசியவற்றின் பதிவைத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்தாக வேண்டும். ஒரு தொழிற்பேட்டைக்கு அனுமதி கிடைத்துவிட்டால், அதற்குள் பின்னால் வரும் ஆலைகளுக்குப் பெரும்பாலும் தனிக் கூட்டம் கிடையாது. அதனால் அந்த முதல் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். தமிழ்ச் சுருக்கத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எத்தனை பேருக்கு வேலை என்று கேட்ட கையோடு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எந்த ஓடையில் இறங்குகிறது, அந்த ஓடை எந்த ஏரிக்குப் போகிறது என்றும் கேளுங்கள். சொன்ன பதில் பதிவில் ஏறியிருக்கிறதா என்று வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.